பெட்டிகளும் வரிகளும் ரக்ஷிதாவும்

பிப்ரவரி 10, 2025

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, இந்தத் தாளிடமாகத்தான் இருக்கும். எழுதி வைக்கும்படி என் நாளில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. காலையில் வடமாலபேட்டையில் பஸ் ஏறுகிறேன், திருப்பதியில் இறங்குகிறேன், சாயங்காலம் திரும்பி வருகிறேன். எங்கள் வீட்டில் டிகிரி படித்த முதல் ஆள் நான் என்பதால், நான் பேனாவை எடுத்தாலே அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள். அந்த மரியாதைக்கு ஏற்றபடி நான் எதையும் எழுதிவிடப் போவதில்லை. ஆனால் இன்று ஒன்றைப் பார்த்தேன். யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லாமல் வைத்திருக்க ஓர் இடம் வேண்டும்.

ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் பரணி டீ கொண்டுவந்து, பக்கத்து சீட்டு ரக்ஷிதாவின் கீபோர்டுக்கு இடப்பக்கம் வைத்தான். "டீ" என்று சொல்லியும் வைத்தான். அவள் கையை நீட்டினாள். புறங்கை பட்டு டம்ளர் கவிழ்ந்தது.

"மேடம் கண்ணு எப்பவும் திருமலை மேலேயே இருக்குது" என்றான் பரணி.

"சாமிய பாக்கறவளுக்கு எதுக்குடா டீ? லட்டு கொண்டா" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் கதவு விளிம்பில் தோளை இடித்துக்கொண்டாள். அதற்கு முன் ஒரு நாள், மேனேஜர் சந்திரசேகர் சார் பக்கத்தில் வந்து நின்று கை நீட்டியதை அவள் பார்க்கவே இல்லை. திமிர் என்று நினைத்திருப்பார். எதிரே இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. ஓரத்தில் இருப்பதுதான் —

பிப்ரவரி 13

இரண்டு நாளாக எழுதவில்லை. என்ன வேலை செய்கிறேன் என்று எங்காவது எழுதி வைக்க வேண்டும், அப்பாவுக்கே, எங்கள் நைனாவுக்கே, இன்னும் சரியாகச் சொன்னதில்லை. "கம்ப்யூட்டர்ல" என்று சொன்னால் அவருக்குப் போதும்.

எங்கள் ஆபீஸ் ரேணிகுண்டா ரோட்டில் இரண்டு மாடி, நாங்கள் மேல்மாடியில். சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளுக்கும் பால் நிலையங்களுக்கும் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள் செய்கிறோம். எடுத்த உடனே நிரல் எழுதுவதில்லை. முதலில் படம் வரைகிறோம். ஒரு பெட்டி என்றால் இயந்திரம் இருக்கும் ஒரு நிலை: பழம் கழுவுகிறது, பிழிகிறது, கூழைச் சூடேற்றுகிறது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு என்றால், இது நடந்தால் அங்கே போ என்று அர்த்தம். இந்தப் படத்தை மாடல் என்கிறோம். படம் முடிந்துவிட்டால் நிரலைக் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளும். அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்துக்கொள்வது நான். பரணியும் ரக்ஷிதாவும் வரைகிறவர்கள். ஃபேக்டரிக்காரர்கள் படத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அதனால் சார் தெலுங்கில் அடிக்கடி சொல்வது: படம்தான் பிரமாணம்.

ரக்ஷிதா இப்போதெல்லாம் அம்பின் மேல் விரலை வைத்துக்கொண்டே போகிறாள். சாயங்காலம் அவள் ஸ்கிரீன் முழுக்க விரல் தடம்.

பிப்ரவரி 25

அவள் வரைந்ததில் ஓர் அம்பு தவறான பெட்டிக்குப் போயிருந்தது. கழுவிய தண்ணீர் வடிவதற்கு முன்பே பிழியத் தொடங்கும்படி. ரிவ்யூவில் பிடித்துவிட்டார்கள். இது மூன்றாவது தடவையோ என்னவோ. சார் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: சீசன் வருகிறது, ஏப்ரல் ரிவ்யூவிலும் இப்படி என்றால் கீழ்மாடிக்குப் போக வேண்டியிருக்கும். கீழ்மாடி என்றால் போன் வேலை. மெஷின் நின்றுவிட்டது என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது. அங்கே போனவர்கள் மேலே வந்ததில்லை.

அவள் சித்தூர்க்காரி, இங்கே பெரியம்மா வீட்டில் தங்கியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றாக நடப்போம். இன்று வெளிச்சம் குறையத் தொடங்கியதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சும்மா சிநேகமாகப் பிடித்தாற்போல்தான். ஒரு பள்ளத்தைத் தாண்டிய பிறகு சொன்னாள்:

"யார்கிட்டயும் சொல்லாதே வெங்கி."

"எத்த?"

"நீ பாத்துக்கினே கீறியே, அத்த."

பிறகு அவளே சொன்னாள். விழித்திரையில் நோயாம். ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருமாம், நடுவில் பல வருஷம் தெளிவாக இருக்குமாம். "டவல சுருட்டி பாக்கற மாதிரி" என்று சொல்லிவிட்டு, "டவலுக்கு ஏதுடி ஓட்டை, பேப்பர சுருட்டி பாக்கற மாதிரி" என்று தன்னையே திருத்திக்கொண்டு சிரித்தாள். கை மட்டும் என் முழங்கையை இறுக்கிக்கொண்டே இருந்தது.

பெரிய படம் என்றால் அம்பு ஒரு மூலையில் கிளம்பி இன்னொரு மூலைக்குப் போகும். பாதி வழியில் அவள் அதை விட்டுவிடுகிறாள்.

மார்ச் 4

பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். அஞ்சேரம்மன் கோயில் ஸ்டாப்பிலேயே இறங்கிவிடப் பார்த்தேன், கண்டக்டர் சத்தம் போட்டார்.

கம்ப்யூட்டருக்குள் படம் என்று ஒன்று கிடையாது. அது எனக்குத் தெரியும், அதற்குள் தினமும் கை விட்டுக்கொண்டிருப்பவள் நான்தானே. எந்த நிலை, எது நடந்தால், எங்கே போக வேண்டும் — உள்ளே இருப்பது இவ்வளவுதான். பெட்டியும் அம்பும் அதை வெளியே காட்டும் ஒரு விதம். அதையே வரிகளாகவும் காட்டலாமே? வரியைத் திருத்தினால் படம் திருந்த வேண்டும், படத்தைத் திருத்தினால் வரி திருந்த வேண்டும். புதிது ஒன்றும் இல்லை, வெளியூர்களில் நிறையப் பேர் செய்திருக்கிறார்கள், கட்டுரைகள் படித்தேன். எங்கள் ஆபீஸில் இல்லை, அவ்வளவுதான்.

வரியைப் பிடிக்க ஸ்கிரீனைச் சுற்றி அலைய வேண்டாம். ஒன்றன் கீழ் ஒன்றாகக் கண்ணுக்கு நேரே வரும். கண் களைத்தால் கம்ப்யூட்டரையே படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செய்யப் போகிறேன். அவளிடம் சொல்லவில்லை. முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 12

வரிகளிலிருந்து படம் வருகிறது. அசிங்கமாக, ஆனால் வருகிறது. அம்மா, "இன்னாடி தானா சிரிக்கிற? துன்னு முதல்ல" என்றாள்.

மார்ச் 18

காண்பித்தேன். காண்பிக்காமலே இருந்திருக்கலாம்.

மீட்டிங் ரூமில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். கழுவும் பகுதியை வரிகளாக எழுதி வைத்திருந்தேன். படிக்கும் குரலைப் போட்டேன். அது அடைப்புக்குறிகளையும் மற்ற குறிகளையும் ஒன்று விடாமல் படித்தது: "லெஃப்ட் பிரேஸ். ஈக்வல்ஸ். கிரேட்டர் தேன். செமிகோலன். ரைட் பிரேஸ். ரைட் பிரேஸ்." கேட்டுக்கொண்டே இருந்தவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் நிறுத்திய பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், மடச்சி.

"எவ்ளோ நாளா செய்யற இத்த?"

"ரெண்டு வாரமா."

"உங்கிட்ட நான் கேட்டனா?"

நான் படிக்கும் குரலை நிறுத்தினேன்.

"பஸ்ல லேடீஸ் சீட்டுன்னு எழுதி வெக்கற மாதிரி எனக்குன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டியா? எல்லாரும் படம் வரையுவாங்க, நான் மட்டும் ஓரமா குந்திக்கினு ரைட் பிரேஸ் கேட்டுக்கினு இருக்கணும். அப்படித்தானே?"

போய்விட்டாள். போகும்போது நாற்காலி ஒன்று இடறியது. நான் பிடிக்கப் போனேன். "தொடாதே" என்றாள்.

நான் இன்னா தப்பு செஞ்சேன்? கெடுதலா செஞ்சேன்? ஆனா அவ கேக்கலையே. கேக்காம செஞ்சதுதான் தப்பு. அவளுக்குன்னு செய்யறத அவள விட்டுட்டு செய்வாங்களா யாராவது?

மார்ச் 20

தனியாக நடந்து போனேன். அவளும் எனக்கு முன்னால் தனியாகத்தான் நடந்தாள், சுவர் ஓரமாக. நெருங்கிப் போகவும் முடியவில்லை, முந்திப் போகவும் மனசு வரவில்லை.

மார்ச் 24

காலையில் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அந்த வெளங்காதத திற."

திறந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் எழுதியிருந்ததைக் கண்ணால் ஒரு தடவை படித்தாள், காதால் ஒரு தடவை கேட்டாள். "உப்பில்லாத களி மாதிரி கீது. எவன் துன்னுவான் இத்த?" என்றாள். அப்புறம் கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தி, பிரேஸ்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

"முதல்ல எங்க கீறோம்னு சொல்லணும். அப்புறம் இன்னா ஆச்சுன்னு. அப்புறம் எங்க போவணும்னு. பஸ்ஸுல போனு பேசறவங்கள பாரு. 'புத்தூர்ல கீறேன், டிராஃபிக் இல்லன்னா நேரா வந்துடறேன்.' யாருக்காவது புரியாம கீதா?"

ஆபீஸ் மாடல் எல்லாம் ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன், அவள் சொன்ன விதத்தில்:

கழுவும்போது: தண்ணீர் குறைந்தால், நிறுத்து.
கழுவும்போது: நேரம் முடிந்தால், வடிய விடு.

ஒவ்வொரு வரியும் தனியாக நிற்கும். எந்த வரியில் காதை வைத்தாலும் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். எனக்கு இது தோன்றவே இல்லை. நான் கம்ப்யூட்டருக்குப் பிடித்த மாதிரி எழுதியிருந்தேன்.

சாயங்காலம் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 30

யுகாதி. அம்மா பச்சடி செய்தாள். நாங்கள் தமிழ்க்காரர்கள்தான், ஆனால் எங்கள் ஊரில் இரண்டு வருஷப் பிறப்பும் உண்டு, விடுமுறைக்கு யார் வேண்டாம் என்பார்கள். ரக்ஷிதா போன் செய்து வாழ்த்துச் சொல்லாமல், "வடிய விடறதுக்கு அப்புறம் ஒரு வரி விட்டுட்டோம்டி" என்றாள்.

ஏப்ரல் 3

பரணிக்கு நான் செய்தது மன்னிக்க முடியாதது, ஆனால் அவன் மன்னிப்பான் போலிருக்கிறது.

அவனிடமும் சொல்லிவிடலாம் என்று ரக்ஷிதாவே முடிவு செய்தாள், கண் விஷயம் உட்பட. அவன் டீ டம்ளரை நினைத்திருக்க வேண்டும்; முகம் சிறுத்துவிட்டது. "நா தெரியாம பேசினேன்" என்றான். "தெரிஞ்சிருந்தா மட்டும் வாய மூடியிருப்பியா?" என்றாள் அவள். அதோடு அது முடிந்தது.

அவன் முழு ஃபேக்டரிக்கும் வரைந்து வைத்திருந்த படத்தில் ரக்ஷிதா வரிப்பக்கமாக இரண்டு பெயர்களை மாற்றி, ஒரு வரியைச் சேர்த்தாள். நான் சேமித்தேன். படம் புதிதாக வந்தது. எல்லாப் பெட்டிகளும் இடது மூலையிலிருந்து பரேடு மாதிரி வரிசையாக நின்றன.

பரணி தலையில் கை வைத்துக்கொண்டான். "அய்யய்யோ! நாலு வாரமா கோத்த மாலைய பிச்சிட்டியேம்மா!"

ஒன்றும் தொலையவில்லை, எல்லாப் பெட்டியும் எல்லா அம்பும் இருக்கின்றன என்றேன். எண்ணிக்கூடக் காட்டினேன்.

"இருக்கு. எங்க இருக்கு? அலாரம் பெட்டியெல்லாம் கீழ் வரிசைல வெச்சிருந்தேன். மெஷின் நின்னா அவங்க கண்ணு நேரா கீழதான் போகும். பழம் வர்றது இடது, டின்னு போறது வலது, ஃபேக்டரில நிக்கற மாதிரியே. இப்ப பாரு, சந்தைல மாடு கட்ன மாதிரி."

எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அதனால் வரிகளில் அதற்கு இடமே வைக்கவில்லை. படம் வரி வழியாகப் போய் வந்ததும் அந்த இடமெல்லாம் தொலைந்துவிட்டது.

ரக்ஷிதா ஸ்கிரீனின் கீழ் ஓரம் வரை விரலை இறக்கினாள். பிறகு பரணியைக் கேட்டாள், "அலாரம் எல்லாம் கீழதான் கீதுன்னு எனக்கு ஏன்டா யாரும் சொல்லல?"

"பாத்தா தெரியுமேன்னு…" என்று தொடங்கி அவன் நிறுத்திக்கொண்டான்.

அதுதான். பார்த்தால் தெரிகிற எதையும் யாரும் சொல்வதில்லை.

ஏப்ரல் 9

மூன்று பேரும் சேர்ந்து செய்து முடித்தோம். பெட்டி இருக்கும் இடத்தைத் தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே மாறாத ஓர் அடையாளம் இருக்கிறது, பெயரை மாற்றினாலும் பெட்டி தன் இடத்தை விட்டு நகராது. இடத்துக்கு அர்த்தம் இருந்தால் அதை வரியிலும் சொல்லலாம்: "இவை அலாரங்கள், கீழ் வரிசை." ரக்ஷிதா அதைக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் எனக்கு ஃபேக்டரி தெரியுது" என்றாள்.

பரணி மாலையை மறுபடி கோத்தான். நான் அவனுக்கு இரண்டு நாள் மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏப்ரல் 16

ரிவ்யூ.

நான்தான் விளக்க வேண்டும் என்று ஏற்பாடு. எழுந்து நின்றேன். "சார்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கல்லூரியிலும் இப்படித்தான். ரக்ஷிதா என் துப்பட்டாவைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

"சார், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ஓரத்துல கண்ணு தெரியாது. இனிமே இன்னும் குறையும். அதனாலதான் அம்பு தப்பா போச்சு."

ஏன் முன்பே சொல்லவில்லை என்று சார் கேட்டார்.

"சொன்னா கீழ அனுப்புவீங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அனுப்பியிருப்பேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. வேறு யாராவது என்றால் மழுப்பியிருப்பார்கள்.

பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். இடப்பக்கம் பரணியின் படம், வலப்பக்கம் ரக்ஷிதாவின் வரிகள். சார் இதுவரை நாங்கள் பார்க்காத ஒரு மாடலைத் திறந்து, குறை சொல்லுங்கள் என்றார். பரணி உடனே கை காட்டினான்: இரண்டு பெட்டிகள் ஒரே மாதிரி அம்புகளோடு நின்றன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒன்று வீண். வரிகளில் அவை தூரத்தில், வேறு வேறு பெயரில் இருந்ததால் ரக்ஷிதாவுக்குத் தெரிந்திருக்காது. அவள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே போனவள் கையை உயர்த்தினாள். "நிறுத்தியிருக்கும்போது-ன்னு தொடங்கற வரியே இல்ல சார். நின்னா நின்னதுதான், கிளம்பாது." சார் படத்தைக் காட்டி, இதோ அம்பு போகிறதே என்றார். பரணி பெட்டியை நகர்த்தினான். அது பெட்டிக்குப் பின்னால் சும்மா கடந்து போகிற வேறொரு அம்பு. அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பவே இல்லை.

சார் அந்தப் பெட்டியைத் தானே ஒரு தடவை நகர்த்திப் பார்த்தார். கடைசியில், "இனிமேல் படத்திலும் வாங்குங்கள், வரியிலும் வாங்குங்கள், கையெழுத்து" என்றார்.

கீழ்மாடி இல்லை. அவள் கீழ்மாடிக்குப் போகவில்லை!

மே 9

திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. வேஷம் போட்டவர்கள் தெருவில் வருகிறவர்களைத் திட்டுவார்கள், திட்டு வாங்கினால் அம்மன் ஆசீர்வாதம். உடம்பெல்லாம் வெள்ளை பூசிய ஒருவர் ரக்ஷிதாவின் மேல் மோதிக்கொண்டு தெலுங்கில் கத்தினார்: "கண்ணு தெரியலையா உனக்கு?"

அவள் கும்பிட்டாள். "தெரியல சாமி. நல்லா திட்டு" என்றாள். அவரும் விடாமல் திட்டித் தீர்த்தார். நாங்கள் சிரித்துச் சிரித்து ஒரு கடை ஓரமாக உட்கார்ந்துவிட்டோம். அவள் சிரிப்பு நிற்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதனால் வந்த தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

மே 28

சித்தூர் ஃபேக்டரியில் இன்று சீசனின் முதல் லோடு தோதாபுரி மாம்பழம் ஓடியது. பரணி போன் செய்து, பழ வாசனை போனிலேயே வருகிறதா என்று கேட்டான்.

சார் இன்னொன்றும் சொன்னார். எல்லா ஃபேக்டரிக்கும் இந்த வரிமொழியைச் செய்ய ஒரு தனிப் பிரிவு. பொறுப்பு ரக்ஷிதாவுக்கு. கூட ஒரே ஒருவர், யார் என்று அவளே திங்கட்கிழமை சொல்ல வேண்டும். பரணிதான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். படம் அறிந்தவன், பேசத் தெரிந்தவன்.

சாயங்காலம் அவளே கேட்டாள், "நீ இன்னா நெனைக்கிற வெங்கி?"

"பரணி நல்லா வரைவான்" என்றேன்.

"உம்" என்றாள்.

ஏன் அப்படி சொன்னேன்? வாய்ல இன்னா கீது எனக்கு, கொழுக்கட்டையா? நான் வரேன்னு சொன்னா, மறுபடியும் அவளுக்குக் காவலுக்கு வர்றதா நெனைச்சிக்குவான்னு பயம். அது மட்டும்தானா? இல்ல. எனக்கு ஆசை. அதுதான் பயம். எனக்குன்னு எதையும் நான் கேட்டதே இல்ல. வகுப்புல டவுட்டுகூட கேட்டதில்ல. கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா மூஞ்ச எங்க வெச்சிக்கறது?

ஜூன் 1

ஞாயிற்றுக்கிழமை. நைனாவோடு வயலுக்குப் போய் வந்தேன். துணி துவைத்தேன். நாளைக்கு என்ன பேசுவது என்று தண்ணீர்க் குழாயிடம் சொல்லிப் பார்த்தேன்.

ஜூன் 2

கேட்டுவிட்டேன்.

அவள் சொன்ன பதிலை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது வராது. "இதுக்கு இத்தினி நாளாடி? சார்கிட்ட காலைலயே உன் பேரு குடுத்துட்டேன். நீயா வந்து கேக்கறியா பாக்கலாம்னுதான் சும்மா கீறேன். கேக்காம செஞ்சா எப்படி இருக்கும்னு இப்ப உனக்கும் தெரியுதா?" என்று சொல்லிவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டு சரியாகத் தலையில் விழவில்லை, காதில் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் கேட்டது மாடிப்படியில், சார் ரூமுக்குப் போகும் வழியில். யாரோ பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நான் நகரவில்லை. ஒரு மூச்சில் சொன்னேன், இத்தனை வார்த்தைகள் ஒரே நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததில்லை:

"ரக்ஷிதா, பரணிய கூப்பிடாதே, என்னைக் கூப்பிடு. உனக்கு ஒத்தாசைக்கு வரேன்னு சொல்லல. எனக்கு அந்த வேலை வேணும். உங்கூட செய்யணும். என்னைச் சேத்துக்கோ."